பிடுங்கும் உரிமை யாருக்கு?

மெய்நிகர் இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நினைத்த நேரத்தில் செருகலாம், நினைத்த நேரத்தில் பிடுங்கலாம்; மெய்நிகராக்கத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. "எல்லாம் மென்பொருள்தானே, இதில் கம்பியா இருக்கிறது, திருகாணியா இருக்கிறது?" என்று கேட்பார்கள். இந்த ஹாட்ப்ளக் வசதியை அணைத்து வையுங்கள் என்று சொல்கிறவருக்கு ஃப்ளாப்பி காலத்து ஆள் என்ற பட்டம் கிடைக்கும்.

அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: இந்த நம்பிக்கை தவறு. எந்தச் சாதனத்துக்கு, யார் கையில், செருகுவதற்கா பிடுங்குவதற்கா என்று தனித்தனியாகக் கேட்டுக் கொடுக்க வேண்டிய அனுமதி அது. இன்று பல இடங்களில் கேட்காமலே எல்லாவற்றுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. எதை இழந்தால் இயந்திரம் பயனற்றுப் போகுமோ, அதற்கும் சேர்த்து.

'மென்பொருள்தானே' என்ற வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசரின் பக்கம் நின்று பார்த்தால் அது உண்மைதான். க்யூஎமு என்ற ஹைப்பர்வைசருக்கு ஒரு நெட்வொர்க் கார்டு என்பது நினைவகத்தில் கிடக்கும் ஒரு தரவுக் கட்டமைப்பு. அழிக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அப்படி இல்லை. நிஜ மதர்போர்டில் ஓடுவதாக நம்பவைக்கப்பட்ட இயங்குதளங்கள் அவை. டிரைவரை ஏற்றி, இன்டரப்ட்டுகளைப் பங்கிட்டு, கோரிக்கை வரிசைகளை நிரப்பி, அதற்கு மேல் கோப்பு முறைமையையும் அதற்கும் மேல் டேட்டாபேஸையும் அடுக்கி வைத்திருக்கின்றன. சாதனம் வெளியே இருக்கிறது. அதை நம்பி நடக்கும் வேலை முழுவதும் உள்ளே இருக்கிறது. வெளியே இருப்பதை அழிப்பது சுலபம் என்பதால் உள்ளே இருப்பதைக் கலைப்பதும் சுலபம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. மெய்நிகர் இயந்திரத்தின் ஹாட்ப்ளக் மென்பொருள் உலகில் புதிதாகச் சிந்தித்து எழுதப்பட்டதல்ல. 1990களின் பிற்பகுதியில் பெரிய சர்வர்களின் பிசிஐ கார்டுகளை மின்சாரத்தை நிறுத்தாமல் மாற்றுவதற்காக வகுத்த முறைகளின் தொடர்ச்சி அது. அந்தச் சர்வர்களில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானும் ஒரு விளக்கும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஐந்து விநாடி அவகாசம். அதற்குள் மனம் மாறி மறுபடி அழுத்தினால் கோரிக்கை ரத்து. விளக்கு அணைந்த பிறகுதான் தொழில்நுட்பர் கார்டில் கை வைக்க வேண்டும். இந்தச் சடங்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிகளிலும் ஏறியது, அங்கிருந்து மெய்நிகர் இயந்திரத்துக்கும் வந்து சேர்ந்தது. க்யூஎமுவின் கியூ35 வகை இயந்திரத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த ஹாட்ப்ளக் வழியாக ஒரு கார்டை நீக்கச் சொன்னால், அது அந்தப் பொத்தானை அழுத்தியதாகப் பாவனை செய்கிறது. யாரும் அழுத்தாத பொத்தானுக்காக, யாரும் பார்க்காத விளக்கைச் சிமிட்டவிட்டு, உள்ளிருக்கும் லினக்ஸ் ஐந்து விநாடி காத்திருக்கிறது. 2021-இல் வந்த 6.1 பதிப்பில் கியூ35-க்கும் ஃபர்ம்வேர் தரமான ஏசிபிஐயின் வழியை இயல்பாக ஆக்கினார்கள். வழி மாறியதே தவிர, உள்ளே இருப்பவரின் ஒத்துழைப்பைக் கேட்டு நிற்கும் அடிப்படை மாறவில்லை.

இந்த அடிப்படை புரியாமல்தான் பலர் நீக்கும் கட்டளையைக் கட்டளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். க்யூஎமுவின் 'டிவைஸ்_டெல்' பெயரளவில்தான் கட்டளை. நடைமுறையில் அது விண்ணப்பம். பிழையில்லாமல் திரும்பி வந்தால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். உள்ளே ஓடும் கெஸ்ட் இயங்குதளம் டிரைவரை இறக்கி, 'எடுத்துக்கொள்' என்று சொன்ன பிறகே சாதனம் நீங்கும்; 'டிவைஸ்_டெலீட்டட்' என்ற நிகழ்வு அப்போதுதான் வரும். கெஸ்ட் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருந்தாலோ, அதன் கர்னலில் ஹாட்ப்ளக் டிரைவர் இல்லாவிட்டாலோ, தொங்கிப்போய்க் கிடந்தாலோ, அந்த நிகழ்வு வராமலே போகலாம். க்யூஎமுவை நிர்வகிக்கும் லிப்வர்ட் தன் வழக்கமான நீக்கும் அழைப்பில் சில விநாடிகள் காத்துப் பார்க்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் கோரிக்கை அனுப்பியாயிற்று என்ற அளவில் திரும்பிவிடுகிறது. அழைத்த நிரல் 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனால், சாதனம் இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

இந்தப் பாடத்தைப் பெரிய திட்டங்களே தடுமாறித்தான் கற்றன. ஓப்பன்ஸ்டாக்கில் மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் நோவா வெகுகாலம், டிஸ்க் நீங்கவில்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள், அப்போதும் நீங்கவில்லையென்றால் இன்னொரு தரம் கேள் என்ற முறையில் ஓடியது. மறுபடி அழுத்தினால் ரத்து என்று அர்த்தமாகிற ஒரு பொத்தானை இப்படி அழுத்திக்கொண்டே இருப்பது எவ்வளவு அபத்தம் என்று யோசித்துப் பாருங்கள். 2021-இல்தான் அந்தக் குருட்டு மறுமுயற்சியை விட்டு, லிப்வர்ட்டிடமிருந்து நிகழ்வு வரும்வரை காத்திருக்கும் முறைக்கு மாறினார்கள். உலகெங்கும் தனியார் கிளவுடுகளைத் தாங்கி நிற்கும் மென்பொருளுக்கே இந்தப் பாடு என்றால், இரவு பதினொரு மணிக்கு அவசரமாக எழுதப்படும் நம் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கெஸ்ட் கேட்கப்படுகிறது. கேட்கப்பட்ட கெஸ்ட் என்ன சொல்லும்? இங்கேதான் 'எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம்' கட்சிக்காரர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடம் வருகிறது. விண்டோஸில் நீக்கும் கோரிக்கை முதலில் ஒரு கேள்வியாக அந்தச் சாதனத்தோடு தொடர்புள்ள டிரைவர்களுக்கும் பயன்பாடுகளுக்கும் போகும். அந்த டிஸ்க்கில் பேஜ் ஃபைல் இருந்தாலோ, யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தாலோ, மறுப்பு வரும்; நீக்கம் நின்றுவிடும். லினக்ஸில் இப்படி ஒரு வாக்கெடுப்பே இல்லை. மவுன்ட் ஆகியிருக்கிறதா, அதில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று பிசிஐ ஹாட்ப்ளக் டிரைவர் பார்ப்பதில்லை. ஏசிபிஐ வழியாகக் 'கழற்று' என்று வந்தால் கழற்றிவிடும். விர்ட்ஐஓ பிளாக் டிஸ்க் ஒன்றில் ரூட் கோப்பு முறைமை ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். அதற்குப் பிறகு வரிசையாக உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள்தான். ஒரே ஹோஸ்டில், ஒரே திரையில், ஒரே 'நீக்கு' பொத்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று பாதுகாக்கிறது, மற்றொன்று கொன்றுவிடுகிறது. அந்தப் பொத்தானை இரண்டுக்கும் ஒரே மாதிரி திறந்து வைப்பதற்கு நெகிழ்வுத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து பிடுங்குவது. உள்ளிருந்தே பிடுங்க முடியும் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி; தெரிந்தவர்களும் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் சங்கதி.

விண்டோஸ் மெய்நிகர் இயந்திரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றுவதற்கான அந்தச் சின்ன ஐகானைச் சொடுக்கிப் பாருங்கள். ஹாட்ப்ளக் திறந்திருந்தால், பென் டிரைவ் இருக்க வேண்டிய பட்டியலில் அந்த இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கும். யாரோ ஒருவர் 'இது என்ன?' என்று சொடுக்கினால் கார்டு போய்விடும். சிஸ்டம் டிஸ்க்குக்காவது பேஜ் ஃபைல் காவல் நிற்கிறது. நெட்வொர்க் கார்டுக்கு அப்படி யாரும் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்தவருக்குத் திரை உறையும், அவ்வளவுதான். அலுவலகம் முழுக்க மெய்நிகர் டெஸ்க்டாப்களில் வேலை செய்யும் இடங்களில் இது வாடிக்கையான புகார். விஎம்வேர் நிறுவனம் இந்த வசதியை அணைப்பது எப்படி என்று தன் உதவிக் குறிப்புகளில் தனியாகவே எழுதி வைத்தது என்றால், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

'கார்டு போனால் ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுமே' என்பார்கள். க்யூஎமுவில் வராது. உள்ளிருந்து வெளியேற்றச் சொன்னதும் க்யூஎமு அந்தச் சாதனத்தை நிஜமாகவே அழித்துவிடுகிறது. கெஸ்ட்டுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஹோஸ்டில் ஓடும் க்யூஎமு செயல்முறை அப்படியேதான் இருக்கும். அதில் கார்டு இல்லை, ஆகவே மறுபடி எழுந்துவரும் விண்டோஸுக்கும் கார்டு இல்லை. இயந்திரத்தை முழுக்க அணைத்து, நிலையான கட்டமைப்பிலிருந்து மறுபடி கிளப்பினால்தான் திரும்பி வரும். அல்லது ஹோஸ்ட் நிர்வாகி மறுபடி செருக வேண்டும். செருகும்போது வேறு ஸ்லாட்டில் போட்டுவிட்டால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டு என்று எண்ணும்; கையால் கொடுத்து வைத்த ஐபி முகவரி பழைய கார்டின் பெயரிலேயே நின்றுவிடும். பயனர் ஒருவரின் ஒற்றைச் சொடுக்குக்கு இவ்வளவு பின்வேலை.

குடியிருப்பவர் வாசற்கதவைக் கழற்றி விற்க முடியாது. ஆள் இருக்கும்போது வீட்டுக்காரர் வந்து மின்விசிறியைக் கழற்றவும் முடியாது. வாடகை ஒப்பந்தம் போடுகிற எவருக்கும் இது தெரியும். மெய்நிகர் இயந்திரத்தில் அப்படி ஒரு ஒப்பந்தத்தை நாம் எழுதுவதே இல்லை.

'உள்ளே இருப்பவர் தன் இயந்திரத்தைத் தானே கெடுத்துக்கொண்டால் நமக்கென்ன' என்று சொல்லும் ஹோஸ்ட் நிர்வாகிகளும் உண்டு. அவர்களுக்கு 2011-ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு நெல்சன் எல்ஹேஜ் என்ற ஆய்வாளர் பிளாக் ஹேட், டெஃப்கான் மாநாடுகளில் 'விர்ச்சுனாய்ட்' என்ற தாக்குதலைக் காட்டினார். கெஸ்ட்டுக்குள்ளிருந்து லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்கச் சுவரை உடைத்துக்கொண்டு ஹோஸ்டில் தன் நிரலை ஓட்டும் தாக்குதல் அது. அவர் நுழைந்த வாசல் எது தெரியுமா? ஹாட்ப்ளக்கின் வெளியேற்றும் வழிதான்.

அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். க்யூஎமுவின் பழைய பிசி மாதிரியில், ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் எந்த ஸ்லாட் என்று எழுதினால் அந்த ஸ்லாட்டில் இருக்கும் சாதனம் வெளியேற்றப்படும். எழுதுவது கெஸ்ட். ஸ்லாட் ஒன்றில் இருப்பது பழைய ஐஎஸ்ஏ சாதனங்களை பிசிஐயோடு இணைக்கும் பாலம். நிஜ மதர்போர்டில் அது சாலிடர் வைத்து ஒட்டப்பட்ட சில்லு. கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 'இது கழற்றக்கூடிய சாதனமா?' என்ற கேள்வியை க்யூஎமு கேட்கவில்லை. கெஸ்ட் சொன்னது, பாலம் போயிற்று. பாலத்தோடு அதில் தொங்கிய நேரக் கடிகாரமும் போயிற்று. கடிகாரம் வைத்திருந்த டைமர் மட்டும் பட்டியலில் மிச்சமிருந்தது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தையே காட்டிக்கொண்டு. அந்த இடத்தில் தாக்குபவர் தன் தரவை நிரப்பிவிட்டால், அடுத்த டைமர் அடிக்கும்போது ஹோஸ்டில் ஓடுவது அவருடைய நிரல். இந்தக் குறைக்கு சிவிஇ-2011-1751 என்று எண் கொடுத்தார்கள். திருத்தம் வேறொன்றுமில்லை: கழற்ற அனுமதியில்லை என்று குறிக்கப்பட்ட சாதனத்தைக் கழற்றாதே என்ற சரிபார்ப்பு. நான் இந்தக் கட்டுரையில் கேட்பதும் கிட்டத்தட்ட அதையேதான்.

ஒரு பழைய ஓட்டை, அடைத்தாயிற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2015 ஆகஸ்டில் ஜென் ஹைப்பர்வைசர் திட்டம் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று, பாவனை டிஸ்க்குகளைக் கெஸ்ட் தானே கழற்றச் சொல்லும் வழியில் இருந்த அதே வகைக் குறையைப் பற்றியது. முதல்முறை கழற்றியபோது முழுசாகக் கழற்றவில்லை. இரண்டாம் முறை கழற்றச் சொன்னால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் கை வைத்தது. ஒரு பொருளை உருவாக்குவதைவிட, பலர் கையில் இருக்கும்போது அழிப்பது கடினம் என்பது நிரல் எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். ஹாட்ப்ளக்கின் நீக்கும் பாதை அந்தக் கடினமான வேலையை, நம்பத் தகாத கெஸ்ட்டின் சொல்லைக் கேட்டு, ஹோஸ்டின் நினைவகத்தில் செய்கிறது. (அதே 2015-இல் வெளியான 'வெனம்' ஓட்டை இருந்தது ஃப்ளாப்பி கன்ட்ரோலரில். ஃப்ளாப்பியே வைக்காத இயந்திரங்களிலும் கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு இருந்தது. என்னை ஃப்ளாப்பி காலத்து ஆள் என்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.)

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம்: சேவை நிற்கக் கூடாது. கிளவுடில் ஒரு வால்யூமை ஓடும் இயந்திரத்தில் இணைக்க முடியாவிட்டால் எப்படி? டிஸ்க் நிரம்பும்போதெல்லாம் இயந்திரத்தை அணைப்பதா?

வால்யூமை இணைப்பதை நான் மறுக்கவே இல்லை. தரவு டிஸ்க்குகள் வரும், போகும், அதற்குத்தான் ஹாட்ப்ளக். நிஜக் கார்டை நேரடியாகக் கெஸ்ட்டிடம் கொடுத்திருக்கும் இயந்திரத்தை வேறு ஹோஸ்டுக்கு ஓடும்போதே நகர்த்த, அந்தக் கார்டைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு விர்ட்ஐஓ கார்டில் ஓட்டும் ஏற்பாடும் லினக்ஸிலும் க்யூஎமுவிலும் இருக்கிறது. அங்கேயும் பிடுங்குவதற்குக் காரணம் உண்டு. நான் கேட்பது, அந்தக் காரணத்தைக் காட்டி பூட் டிஸ்க்கையும் முதன்மை நெட்வொர்க் கார்டையும் ஏன் அதே பட்டியலில் போடுகிறீர்கள் என்பதுதான். ஓர் இயந்திரத்தின் ஆயுளில் அவற்றைக் கழற்றும் தேவை எத்தனை தரம் வரும்?

ஹாட்ப்ளக் வேண்டும் என்று சொல்லி நாம் செய்யும் காரியங்களில் பாதிக்கு அது தேவையே இல்லை. நெட்வொர்க்கைத் துண்டிக்க வேண்டுமா? லிப்வர்ட்டில் இணைப்பை மட்டும் இறக்கினால் போதும். கெஸ்ட்டுக்குக் கேபிள் கழன்ற மாதிரி தெரியும், கார்டு அப்படியே இருக்கும். வேறு விலானுக்கு மாற்ற வேண்டுமா? ஹோஸ்ட் பக்கத்துப் பிரிட்ஜில் செய்கிற வேலை அது. டிஸ்க் சிறுத்துப்போயிற்றா? ஓடும்போதே அளவைக் கூட்டலாம். டிஸ்க்கைக் கழற்றிப் பெரியதைச் செருகுவானேன்? சேமிப்பகத்தை வேறு இடத்துக்கு நகர்த்துவதா? பிரதி எடுத்துக்கொண்டே பின்னணியில் மாற்றிவிட க்யூஎமுவுக்குத் தெரியும். சாதனம் இருக்கிற இடத்தில் இருக்க, அதன் பின்னால் இருப்பதை மாற்றுவதுதான் மெய்நிகராக்கத்தின் உண்மையான பலம். நிஜ மதர்போர்டில் கிடைக்காத அந்தப் பலத்தை விட்டுவிட்டு, நிஜ மதர்போர்டிலிருந்து இரவல் வாங்கிய சடங்கைப் பெருமையாகக் காட்டிக்கொள்கிறோம்.

தரவு டிஸ்க்குகளிலும் இதே வழி உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனி பிசிஐ சாதனமாக வைக்காமல், ஒரே விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலரை நிலையாக வைத்து, டிஸ்க்குகளை அதன் கீழே செருகி எடுக்கலாம். அப்போது லினக்ஸ் கெஸ்ட்டுக்குள் யாராவது ஒரு டிஸ்க்கை அழித்தாலும் கெஸ்ட் அதை மறந்துபோகுமே தவிர, ஹோஸ்டில் அது இருக்கும். மறுபடி தேடச் சொன்னால் திரும்ப வந்துவிடும். பிசிஐ ஸ்லாட் வழியாக வெளியேற்றியதைப் போல அடியோடு போகாது. கெஸ்ட்டுக்குத் தன் பார்வையை மாற்றும் உரிமை, ஹோஸ்டுக்குப் பொருளை எடுக்கும் உரிமை. இரண்டும் பிரிந்து நிற்கின்றன.

சிபியு, நினைவகம் பற்றிய பெருமையும் கொஞ்சம் ஆராயத் தக்கது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று சிபியு ஹாட் ஆட் வசதியை டிக் செய்து வைப்பவர்கள் ஏராளம். விஎம்வேரில் நெடுங்காலம் அப்படிச் செய்தால், பெரிய இயந்திரங்களுக்கு எந்த நினைவகம் எந்தச் சிபியுவுக்கு அருகில் இருக்கிறது என்று சொல்லும் வரைபடமே கெஸ்ட்டுக்குக் கிடைக்காமல் போனது. என்றோ ஒருநாள் கூட்டப் போகும் சிபியுவுக்காக, தினமும் வேகத்தில் வரி கட்டினார்கள். லினக்ஸிலோ முதல் சிபியுவைக் கழற்றும் வசதியை ஒரு காலத்தில் சேர்த்தார்கள், 2023-இல் 6.5 பதிப்பில் அதைக் கர்னல் குழுவே எடுத்துவிட்டது. முதல் சிபியு போகக் கூடாத ஒன்று என்று ஒத்துக்கொண்டார்கள். நினைவகத்தைச் செருகுவது எளிது, எடுப்பது பெரும்பாடு: கர்னல் தன் சொந்தத் தேவைக்கு வைத்த பக்கங்கள் இடம் பெயராது, டிம் என்ற நினைவகப் பலகை ஒன்றில் அப்படி ஒரு பக்கம் இருந்தாலும் முழு டிம்மும் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் டிம்மைக் கழற்றும் பாவனையை விட்டுவிட்டுச் சிறு துண்டுகளாகக் கூட்டிக் குறைக்கும் விர்ட்ஐஓ-மெம் என்ற தனி வழியே தேவைப்பட்டது, 2020-இல் 5.8 கர்னலில் அது சேர்ந்தது. செருகுவதும் பிடுங்குவதும் ஒரே வசதியின் இரண்டு முனைகள் என்ற எண்ணம் எவ்வளவு பிழை என்பதற்கு நினைவகம் போதும்.

'கிளவுட் பெருநிறுவனங்களே செய்கின்றன' என்ற வாதம் கடைசியாக வரும். அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கரைப் பாருங்கள். லாம்டா போன்ற சேவைகளுக்காகவே எழுதப்பட்ட அந்த ஹைப்பர்வைசர் வெளிவந்தபோது அதில் பிசிஐ இல்லை, ஏசிபிஐ இல்லை, சாதனங்களை ஓடும்போது செருகிப் பிடுங்கும் ஏற்பாடும் இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய பாவனைச் சாதனங்கள் மட்டும். யாரென்றே தெரியாத ஆயிரக்கணக்கானோரின் நிரலை ஓட்ட வேண்டியவர்கள் முதலில் தூக்கி எறிந்தது, நாம் இயல்பாகத் திறந்து வைத்திருப்பதை. க்யூப்ஸ் என்ற பாதுகாப்பு இயங்குதளமும் பிசிஐ சாதனத்தை ஓடும் இயந்திரத்தில் இணைக்க விடாது. இயந்திரம் எழும்போதே கொடுத்தாக வேண்டும். க்யூபர்னெட்டீஸோ, பழுதான இயந்திரம் மவுன்டை விடவில்லையென்றால் ஆறு நிமிடம் பொறுத்துவிட்டு வால்யூமை வலுக்கட்டாயமாகப் பிடுங்கும் வழக்கத்தை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. அப்படிப் பிடுங்கினால் தரவு கெடலாம் என்று கவலைப்பட்டு, அதை அணைத்துவைக்கும் வழியையும் பின்னர் சேர்த்தார்கள். பெரியவர்கள் செய்கிறார்கள் என்பவர்கள், பெரியவர்கள் எங்கெல்லாம் தயங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஐகானை மறைத்துவிடலாமே என்று ஒரு நடுவழிக்காரர் வருவார். ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கார்டின் திறன்களைக் குறிக்கும் எண்ணிலிருந்து 'கழற்றலாம்' என்ற பிட்டை எடுத்துவிட்டால் பட்டியலிலிருந்து மறையும், அது உண்மை. அடுத்த பூட்டில் விண்டோஸ் அந்த எண்ணைத் தானே மறுபடி எழுதிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் ஓட ஒரு ஸ்கிரிப்ட் வைப்பார்கள். ஸ்கிரிப்ட் ஓடாத நாளில் ஐகான் திரும்பி வரும். அது போகட்டும், ஹோஸ்ட் இன்னமும் 'இந்த ஸ்லாட் கழற்றக்கூடியது' என்றுதான் கெஸ்ட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்வதை மாற்றாமல் கேட்பவரின் காதைப் பொத்தும் வேலை இது.

பூட்டு இருக்க வேண்டிய இடம் ஹைப்பர்வைசர். விஎம்வேரில் இயந்திரத்தின் கட்டமைப்பில் 'டிவைசஸ்.ஹாட்ப்ளக்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கலாம். அதற்கு இயந்திரத்தை அணைக்க வேண்டும். அணைத்துப் போட்டபின் ஹோஸ்ட் நிர்வாகியும் ஓடும்போது எதையும் செருக முடியாது. மொத்த இயந்திரத்துக்கும் ஒரே சுவிட்ச் என்பது என் கண்ணுக்குக் குறைதான். டெஸ்க்டாப் இயந்திரங்களுக்கு அது போதும், சர்வர்களுக்குப் போதாது. க்யூஎமுவில் 2020 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் ஒவ்வொன்றுக்கும் ஹாட்ப்ளக்கைத் தனித்தனியாக அணைக்கலாம். லிப்வர்ட்டிலும் அந்தக் கன்ட்ரோலரின் 'டார்கெட்' வரியில் எழுதலாம். பழைய ஐ440எஃப்எக்ஸ் மாதிரியில் ரூட் பஸ்ஸின் ஹாட்ப்ளக்கை மொத்தமாக அணைக்கும் தெரிவும் அதே ஆண்டின் இறுதியில் வந்தது. கருவி இல்லை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. ரூட் போர்ட்டில் இயல்பு நிலை இன்றும் 'ஆன்' என்பதுதான் என் வழக்கு. ஹைப்பர்வைசர் எழுதுபவர்களுக்குப் பழைய கட்டமைப்புகள் உடையக் கூடாது என்ற நியாயமான கவலை உண்டு. அதை மாற்றச் சொல்லி அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் இயந்திரங்களை உருவாக்கும் வார்ப்புருக்கள் நம் கையில் இருக்கின்றன.

ஆகவே நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வார்ப்புருவில் பூட் டிஸ்க் இருக்கும் போர்ட்டையும் முதன்மை நெட்வொர்க் கார்டு இருக்கும் போர்ட்டையும் ஹாட்ப்ளக் இல்லாமல் எழுதுங்கள். தரவு டிஸ்க்குக்கென ஒரு ஸ்கஸி கன்ட்ரோலரையும், அவசரத்துக்கென ஹாட்ப்ளக் உள்ள இரண்டு மூன்று காலிப் போர்ட்டுகளையும் விட்டுவையுங்கள். கியூ35-இல் போர்ட்டை முன்கூட்டியே வைத்தால்தான் பிறகு செருக இடம் இருக்கும். நீக்கும் ஸ்கிரிப்ட்டுகளில், கட்டளை திரும்பி வந்ததை வெற்றியாக எடுத்துக்கொள்ளும் வரிகளைத் தேடிப் பிடித்து, நீக்கப்பட்ட நிகழ்வுக்காகக் காத்திருக்குமாறு மாற்றுங்கள். ஏற்கெனவே ஓடும் இயந்திரங்களை அடுத்த பராமரிப்பு நேரத்தில், எப்படியும் அணைக்கும்போது, திருத்திக்கொள்ளலாம். விண்டோஸ் டெஸ்க்டாப்களிலிருந்து தொடங்குங்கள். கார்டைச் சொடுக்கிப் பார்க்கும் ஆர்வம் அங்கேதான் அதிகம்.